புகார்ப் பதிவேட்டில் என் தங்கை சொன்ன பெயர்

இந்தியச் சாட்சியச் சட்டத்தின் எழுபத்தாறாம் பிரிவு தெளிவானது. ஒரு பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமை உள்ளவர் கேட்டால், அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரி உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு நகல் கொடுக்க வேண்டும். எத்தனை நாளில் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. திண்டுக்கல் கோர்ட்டின் நகல் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து, அந்த மௌனத்தின் நிழலில் சம்பளம் வாங்கியவன் நான். அதே பிரிவைப் பிடித்துக்கொண்டு நானே ஒரு நகலுக்காகத் தவித்ததையும், பழனியாண்டவன் எங்களைக் கரையேற்றியதையும் அடியார்களாகிய உங்களிடம் சொல்கிறேன்.

என் தங்கை செல்லம்மாளை எரியோட்டில் கொடுத்திருந்தோம். அவள் கணவர் தண்டபாணி, தோட்டம் பார்ப்பவர். 1961 அக்டோபரில் சின்ன வெங்காயம் ஏற்றிய லாரியில் பக்கத்து நகரத்துச் சந்தைக்குப் போனார். நகரத்தின் பெயர் வேண்டாம். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள். மூட்டையை இறக்கிவிட்டு டீ குடித்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. லாரி மட்டும் வந்தது.

நான்காம் நாள் செல்லம்மாள் என்னிடம் வந்து நின்றாள். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். பென்ஷன் காகிதங்களில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று அலைந்துகொண்டிருந்தேன். "நீ அந்த ஊர் போலீசுல போய் வாய்மொழியாய்ச் சொல்லு தாயி, எழுதிக்கிடுவாக. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று அவளைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த ஒரு வாக்கியம்தான். அவள் போனாள், புகார் சொன்னாள், பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி போய்க் கேட்டபோது, புகார் எண் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்களாம். எண் வேண்டுமென்றால் நகல் வேண்டும். நகலுக்கு மனு வேண்டும். இது என் வயல், இதில் நானே இறங்குகிறேன் என்று கர்வத்தோடு உட்கார்ந்தேன். காணாமற்போனவர் தண்டபாணி, வயது நாற்பத்திரண்டு. அவர் பெயரில் கொடுத்த புகாரின் நகலும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையின் அறிக்கையும் தேவை. கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

டிசம்பரில் ஒரு வரி வந்தது. மேற்படி பெயரில் புகார் எதுவும் பதிவாகவில்லை.

கொதித்துப்போனேன். புகாரைத் தொலைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, மேலதிகாரிக்கு எழுதினேன், அதற்கும் மேலே எழுதினேன். அதே வரிதான் வந்தது. இதற்குள் எரியோட்டில் உறவுக்காரர்கள் காரியம் செய்துவிடலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இம்புட்டு நாள் வராதவன் இனியா வரப்போகிறான் என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னாராம். செல்லம்மாள் சாப்பாட்டைக் குறைத்தாள். வாசல் பக்கம் முகம் வைத்தே படுத்தாள். என் கையில் இருந்ததெல்லாம் தபால் ரசீதுகள். முதல் முறையாக, எனக்குத் தெரிந்த எந்த விதியும் எனக்கு உதவவில்லை.

தைப்பூசத்துக்கு நடந்து போகணும் என்றாள். நானும் கிளம்பினேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். இனியும் அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டும்போது என் காலில் கொப்புளம். அவள்தான் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

மலைமேல் சன்னதியில் நெருக்கித் தள்ளினார்கள். நானும் என் பாணியில், மேற்படி விஷயத்தில் கருணை கூர்ந்து என்று மனசுக்குள் ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாசகம் ஓடவில்லை. "அப்பா முருகா, எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று மட்டும் வந்தது. பக்கத்தில் செல்லம்மாள் வாய்விட்டு அழுதாள்.

"அவுக பேர நான் எப்படிச் சொல்லுவேன்? பழனியில இருக்கிற சாமி பேருன்னு உன்னையத்தானய்யா சொல்லிட்டு வந்தேன். நீதான் தேடிக் குடுக்கணும்."

கூட்டத்திலிருந்து அவளைப் பிரகாரத்துக்கு இழுத்து வந்து, போலீசில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். ரைட்டர் பேர் கேட்டதும் பழனிச் சாமி பேரு என்றாளாம். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாராம்.

"பழனிச்சாமின்னு எழுதியிருப்பாரு, தாயி."

"எல்லாம் ஒரே சாமிதானண்ணே" என்றாள், குழந்தை மாதிரி.

புருஷன் பெயர் சொல்லாத பெண்களோடு பிறந்து வளர்ந்தவன் நான். என் மனைவிகூட ரேஷன் கடையில் என் பெயரைப் பக்கத்து வீட்டம்மாளை விட்டுத்தான் சொல்ல வைப்பாள். இருந்தும், என்ன சொன்னாய் என்று என் தங்கையை மூன்று மாதத்தில் ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. அலுவலகத்தைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அடிவாரத்தில் ஒரு கடைப் பலகையில் வைத்தே புது மனு எழுதினேன். பழனிச்சாமி பெயரிலுள்ள புகாரின் நகல் வேண்டும். கூடவே இன்னொன்றும் கேட்டேன். தேடியது பழனிச்சாமியை என்றால், தண்டபாணி என்று ஒருவர் கிடைத்திருந்தால்கூட யாருக்கும் பொறி தட்டியிருக்காதே. ஆகவே அக்டோபர் முதல், தண்டபாணி என்ற பெயரில் அடிபட்டவர், அகப்பட்டவர் பற்றிய அறிக்கை ஏதும் உண்டா? கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்று குமாஸ்தாக்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். அங்கேயும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

பதிலில் இரண்டும் இருந்தன. பழனிச்சாமி, எரியோடு, காணவில்லை. அடுத்த தாளில்: சந்தை அருகே பஸ் மோதி மயங்கிக் கிடந்த ஆண்; பல வாரம் பேச்சில்லை; இப்போது தண்டபாணி என்று பெயர் மட்டும் சொல்கிறார், ஊர் சொல்லத் தெரியவில்லை; காணாமற்போனோர் பட்டியலில் இப்பெயர் இல்லை; அரசு மருத்துவமனையில் இருக்கிறார். ஒரே அலுவலகத்தின் இரண்டு கட்டுகளில் ஒரே மனிதர் காணாமலும் போயிருந்தார், கிடைத்தும் இருந்தார்.

அன்று மாலையே வார்டுக்குப் போனோம். எலும்பும் தோலுமாக இருந்தவர் செல்லம்மாளைப் பார்த்ததும் எழ முயன்றார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வீடு வந்து ஒரு மாதம் போனபின் நான் முழுக்கதையும் சொன்னேன். கோணிய வாயோடு அவர் மெல்லச் சிரித்தார். "நல்லவேளை மச்சான், எனக்குப் பெருமாள் பேரு வைக்கல. உங்களத் திருப்பதிக்கில்ல நடக்க விட்டிருப்பா."

இப்போது யாராவது மனு எழுதித்தரச் சொல்லி வந்தால், பேனாவைத் திறக்கும் முன் அவர்களை உட்காரவைத்து முழுக்கக் கேட்கிறேன். வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறேன், இப்போது பக்தியோடுதான். பதில் வராமல் தவிப்பவர்களே, ஸ்டாம்ப் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள். பிறகு அவன் முன் போய், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு நில்லுங்கள். உங்கள் பக்கத்தில் அழுபவர் வாயாலேயே அவன் பேசுவான்; காது கொடுங்கள். எங்களுக்கு அவன் அனுப்பிய பதில், பழுப்பு உறையில், காலைத் தபாலில் வந்து சேர்ந்தது. 1962 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை.