பன்னிரண்டு கல்லில் நகர்ந்த வண்டி

மலை மேல் பெரியாற்று அணை எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள். கம்பத்திலிருந்து கூடலூருக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போகும் கூண்டு வண்டி என்னுடையது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று நேர் எதிரே வந்து அறையும். சாரலில் அரிசி நனைந்துவிடும் என்பதால் கூண்டையும் கழற்ற முடியாது. முந்தைய ஆடியில் என் மாடு ஒன்று நுரை தள்ளி நடுவழியில் விழுந்து செத்தது. இருந்த மானாவாரிக் காட்டை விற்றுத்தான் வேறு மாடு பிடித்தேன். இன்னொன்று போனால் பிழைப்பே போச்சு. இந்தத் தடவை காற்றா நானா பார்த்துவிடுவது என்று வீம்பு பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டி இறைக்கும் கமலைக் கிணறு. காலையில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, வெறும் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தினேன். மச்சினன் நுகத்தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். வண்டியில் கட்டிய வடத்தைக் கமலை உருளைமேல் போட்டு, மறுமுனையில் தண்ணீர் இறைக்கும் தோல் பையைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, அதில் தேங்காய் அளவுக் கற்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். எத்தனை கல்லுக்கு வண்டி நகர்கிறதோ, அத்தனை இழுப்பு மாட்டுக்கு. இருபதாவது கல்லில் வண்டி நகர்ந்தது. பிறகு உட்கார்ந்து, ஓலைப்பாயைக் கோழி அலகு மாதிரி கூராக்கிக் கூண்டின் முன்னே தைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பன்னிரண்டே கல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றுகிறேன் என்று மண்டியில் சொல்லக் கிளம்பினேன்.

பக்கத்துக் களத்தில் கம்பு தூற்றிக்கொண்டிருந்த என் மனைவி முறத்தை இறக்கினாள்.

“இந்தாங்க, காத்து கொறஞ்சு போச்சு. காலையில பதரு வேலி வரைக்கும் பறந்துச்சு. இப்ப என் காலடியில, இங்கனயே விழுது பாருங்க. மண்டிக்காரக மூட்டையத்தான் பாப்பாக, மாட்டப் பாக்க மாட்டாக.”

“ஒனக்கு என்னடி தெரியும் வண்டியப் பத்தி?” என்று எரிந்து விழுந்தேன். அவள் வாயை அடைக்கவே அலகைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி கல் போட்டேன். அதே பன்னிரண்டாவது கல்லில் வண்டி நகர்ந்தது. மச்சினன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து சட்டம் அவளுடையது. பதர் வேலியைத் தொடும்போது மட்டும்தான் கல் போட வேண்டும். அலகை மறுபடி தைத்துப் பார்த்தேன், சாக்குத் திரை கட்டினேன், எதுவும் தேறவில்லை. நானும் விடவில்லை. ஐந்தாம் நாள், கூண்டு மூங்கில்களை ஒரு முழம் இறக்கி, முன்பக்கத்தைப் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டினேன். பதினாலு கல். பிரித்தேன், இருபது. திரும்பக் கட்டினேன், பதினாலு.

“வழக்கமா ஏத்துறத ஏத்துங்க. கூட வேணாம்” என்றாள்.

அந்த ஆடி முழுக்கக் கூன் போட்டு உட்கார்ந்துதான் ஓட்டினேன். இரண்டு மாடும் நுரை தள்ளாமல் கூடலூர் போய்த் திரும்பின. அந்த அலகை நம்பி மூட்டையைக் கூட்டியிருந்தால் இன்னொரு மாட்டையும் நடுவழியில் பறிகொடுத்திருப்பேன். இப்போதெல்லாம் ஏதாவது நான் ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டால், அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சந்தோஷப்படுகிறேன்.