நீலக் கதிரை

வீட்டு வருமானக் கணக்கெடுப்புக்காகக் குறிஞ்சாக்கேணிக்குப் போனபோது சந்தித்தவர் அவர். களப்பில் மட்டி எடுக்கும் பெண். விரல் நுனிகள் வெடித்திருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பதில் சொல்வார். என்னை ஒரு கை உடைந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிட்டு, தான் நிலத்தில் இருந்தார். தளபாடங்கள் என்ற பகுதியில் ‘கதிரை ஒன்று’ என்று கையிலிருந்த டெப்பில் பதிந்து, அங்கிருந்தே படிவத்தை அனுப்பிவிட்டேன்.

அடுத்த வீட்டுக்குப் போனால், அதே கை உடைந்த கதிரை எனக்காகப் போடப்பட்டிருந்தது. அது அந்த வீட்டுக் கதிரைதானாம். வேலிக்கு மேலால் இரவல் போய்த் திரும்பியிருக்கிறது.

திரும்பி ஓடினேன். “ராத்தா, கதிரை உங்கட இல்லையெண்டு ஏன் சொல்லேல்ல?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க கேக்கவே இல்லையே சேர், பாத்திட்டுத்தானே எழுதினீங்க. வீட்டுக்கு வந்த ஆள நிலத்திலயா இருத்துற?”

திருத்தித் தரும்படி மேலதிகாரியிடம் கேட்டேன்.

“அனுப்பினதை மாத்த ஏலாது. ஒரு கதிரையால நாடு கவிழ்ந்திடாது,” என்று சிரித்தார்.

சிரிக்க இதில் என்ன இருக்கிறது? அந்த மனுசி எனக்குச் செய்த மரியாதையை அவருடைய சொத்தென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.