சிவப்பு வேறு, வலி வேறு

மும்பை தாராவிக்கு வந்தபோது எனக்கு மூட்டை தூக்க மட்டுமே தெரியும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தகரக் கூரைக்குக் கீழே ஒரு தையல் மெஷின் போட்டேன். இன்று அதே இடத்தில் மூன்று மாடி. கீழே பை பட்டறை, மேலே வீடு. வெள்ளத்தில் பை தைக்கும் தோல் மொத்தமும் ஊறிப்போன வருடமும் எழுந்து நின்றேன். யாரும் கை கொடுக்கவில்லை.

நோய் முதலில் தெரிந்தது ஒரு பையின் தையலில். கோடு நடுவில் வளைந்திருந்தது. தைத்தவனைத் திட்டினேன். அவன் நேராகத்தான் தைத்திருந்தான். வளைந்தது என் வலக்கண்ணின் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி; முகமும் எழுத்தும் தெளிவாகத் தெரிவது இதனால்). வயதானதால் வரும் கசிவு என்றார் டாக்டர். மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி. சொட்டு மருந்தில் மரத்துவிடும். ஓர் அழுத்தம், அவ்வளவுதான்.

முதல் ஊசிக்குப் பின் வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்தது. வலியில்லை. தானே மறைந்தது. அதனால், நான்காவது ஊசிக்குப் பின் சிவந்தபோது வீட்டில் யாரும் அசையவில்லை. அன்று கணபதி கரைக்கும் நாள் வேறு.

"மொதத் தடவையும் இப்படித்தான செவந்துச்சு? நாளைக்குப் போவலாம்லா," என்றாள் மனைவி.

"செவப்பு அதேதாம்ட்டீ. இது வலிக்கி. வெளிச்சம் குத்துது. ஒன் மூஞ்சி பொகைக்குள்ள இருக்கு."

"என் மூஞ்சி என்னைக்கு ஒங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சுது?"

மகன் சொன்னான்: "அப்பா, ரோடு பூரா ஜாம். டாக்ஸி வராது. டென்ஷன் எடுக்காதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மகன் பின்னால் ஓடி வந்தான். மேளச் சத்தத்துக்குள் மாட்டுங்கா ஆஸ்பத்திரிவரை நடந்தோம்.

"எண்டாப்தல்மைடிஸ்" (கண்ணின் உள்ளே கிருமித் தொற்று) என்றார் டாக்டர். "அபூர்வமா வரும். எவ்வளவு சுத்தமாப் போட்டாலும் சிலருக்கு வந்துடறது. நாளைக்குன்னு இருந்திருந்தா கஷ்டம் சார்." உடனே கண்ணுக்குள் கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றினார்.

கண் தப்பியது. முழுதாக அல்ல. பார்வையின் நடுவில் ஒரு கறை நிற்கிறது. அந்தக் கண்ணால் மகனின் முகத்தைப் பார்க்க அவன் காதைப் பார்க்கிறேன். முன்பு பள்ளிக்கூடப் பை, தீபாவளிப் பை என்று வருடம் ஓடும். இப்போது ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரைதான் காலம். தினமும் காலையில் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு ஜிப்பின் ஓரத்தைப் பார்க்கிறேன், நேராக இருக்கிறதா என்று.

ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சிவப்பு மட்டும் என்றாலும் போன் செய்து கேளுங்கள். வலியோ மங்கலோ சேர்ந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

பார்க்க வருகிறவர்களிடம் பிள்ளையார் காப்பாற்றினார் என்கிறாள் மனைவி. நான்தான் கொண்டுபோனேன் என்கிறான் மகன். டாக்டர் கைராசி என்கிறார்கள் மற்றவர்கள். இருக்கட்டும், எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த வலி அவர்களில் யாருக்கும் வலிக்கவில்லை. இது வேறு என்று சொன்னவன் நான். செருப்பை மாட்டியவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.