காணிப்பாக்கத்துக்கு வர வேண்டியவர்கள்

ஆந்திர எல்லையிலுள்ள பிச்சாட்டூர் அணைக்கட்டைப் பற்றி இரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய பதிவு சிலருக்கு நினைவிருக்கலாம். திருப்பதி பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த ஒரு தம்பதி, தங்கள் புளிசாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்ததை அதில் எழுதியிருந்தேன். முனிரத்தினம் அண்ணனும் அவர் மனைவி கஸ்தூரியும். கஸ்தூரி அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளத் திருப்பதிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். "அடுத்த வருசம் எங்கூர்லியே ஆஸ்பத்திரி வந்துரும் தங்கச்சி. அப்புறம் இந்த பஸ்ஸு மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்றார் அக்கா. நானும் அதை நம்பி, 'அடுத்த வருடம் இங்கே புது அரசு மருத்துவமனை திறக்கிறார்கள்' என்று உற்சாகமாக ஒரு வரி எழுதினேன். அந்த வரி தவறு. இந்தப் பதிவு அதற்கான திருத்தம்.

மருத்துவமனை திறக்கவில்லை. போன ஐப்பசி மழையில் தரைப்பாலம் மூழ்கி ஐந்து நாள் பேருந்து ஓடவில்லை. டயாலிசிஸ் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறைக்கு அக்கா இல்லை. அண்ணனிடம் என் எண் இருந்தது. ஆனால் பல மாதம் கழித்து, போன மாதம்தான் கூப்பிட்டார். "திங்கக்கெழம மனு குடுக்கப் போறேன். நீ எழுதுறவதானே, கூட வாயேன்" என்றார். அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன்.

சென்னை மாதவரம் பேருந்து நிலையத்தில் காலை 9.40க்கு ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் வண்டி. 12.25க்குப் பிச்சாட்டூர். ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் மட்டும் இருபது நிமிடம் நின்றது. அங்கே எப்போதும் அப்படித்தான், யாரையும் திட்டிப் பயனில்லை. பிச்சாட்டூரிலிருந்து அண்ணன் ஊருக்கு நான்கு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

வீட்டுக்குப் போகும் முன்பே என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். தூண்கள், ஒரு தளம், வானத்தைப் பார்க்கும் கம்பிகள், உள்ளே ஆடுகள். வாசலில் வேலையின் விவரம் எழுதிய தகரப் பலகை. எனக்குத் தெலுங்கு கேட்டால் ஓரளவு புரியும், படிக்க வராது. ஆனால் எண்களைப் படிக்க எந்த மொழியும் வேண்டாமே. மதிப்பீடு 11 கோடியே 20 லட்சம். அந்தத் தொகை எழுதிய தகட்டின் ஓரம் ஆணி விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் இன்னொரு தகடு, அதில் 7 கோடியே 60 லட்சம். அதற்கும் அடியில், முதலில் எழுதிய பெயிண்டில், 4 கோடியே 10 லட்சம். தொகை ஏறும்போதெல்லாம் புதிதாக ஒரு தகடு அடித்திருக்கிறார்கள். கட்டடம்தான் ஏறவில்லை.

அந்த இடத்தில் முப்பது சென்ட் அண்ணனுடையது. தலைமுறையாக நிலமில்லாத குடும்பம். அவர் அப்பா காலத்தில் அரசு ஒரு ஏக்கர் கொடுத்தது. மருத்துவமனைக்கு இடம் தேடியபோது அதிலிருந்து முப்பது சென்டைக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். "நைனா இருந்தா வெட்டிப் போட்டிருப்பாரு. கஸ்தூரிக்காவத்தான் குடுத்தேன். அவதான் முன்னாடி ஓடிப்போய் சரின்னா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனுவின் விஷயம் இதுதான். செலவு ஏன் இப்படி ஏறியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறார். 'அஸ்திவாரம் தோண்டும்போது கடும்பாறை தென்பட்டது. வெடி வைத்து அகற்ற வேண்டியிருந்தது' என்று பதில் வந்தது. ஊர் வாத்தியார் அதைப் படித்துச் சொன்னதும் அண்ணன் அவரைத் திரும்பப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அந்த அஸ்திவாரத்தைப் பதினொரு நாள் கூலிக்குத் தோண்டியவர்களில் அவரும் ஒருவர்.

"பாறை ஏது தங்கச்சி? கடப்பாரைய மண்ணுல வுட்டா பொதக்குனு எறங்குச்சு. ஒரே செம்மண்ணு. நான் வேர்க்கடல போட்ட நெலம், எனக்குத் தெரியாதா?"

வெடிக்காத வெடிக்குப் பணம் போயிருக்கிறது. இருந்த பணம் அதில் தீர்ந்து, மீதி வேலைக்கு ஒப்புதல் கிடைக்காமல் கட்டடம் நின்றுவிட்டது. இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கும் மனுவை வாத்தியார் தெலுங்கில் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசி வரியை மட்டும் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினாராம். 'இந்தக் காரியத்தில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் காணிப்பாக்கம் வந்து, குளத்தில் முழுகி, பாறை இருந்தது என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும்.' அந்தப் பக்கத்தில் நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல் எல்லாமே கடைசியில் காணிப்பாக்கத்தில் போய்த்தான் நிற்கும். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எப்பேர்ப்பட்டவனுக்கும் கை நடுங்கும் என்பார்கள். அரசு மனுவில் இது எடுபடுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன்.

திங்கட்கிழமை காலை 6.10க்குப் பிச்சாட்டூரில் வண்டி. நடத்துநர் என் ஆதாரைப் பார்த்துவிட்டு எழுபத்தைந்து ரூபாய்க்கு டிக்கெட் கிழித்தார். ஆந்திரப் பெண்களுக்கு இப்போது பேருந்து இலவசம், நான் தமிழ்நாடு. "கஸ்தூரி இருந்திருந்தா ஓசியிலியே போயிக்கினு வந்திருப்பா" என்றார் அண்ணன். புத்தூர் தாண்டி, வடமாலபேட்டை சுங்கச்சாவடியில் கொஞ்சம் நின்று, 8.05க்குத் திருப்பதி. நிலையத்துக்கு எதிரே இட்லி முப்பது ரூபாய். அண்ணன் சாப்பிடவில்லை. மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் என்ன என்று கேட்டேன். "மண்ணு" என்றார். அஸ்திவாரக் குழி ஓரத்திலிருந்து இரண்டு படி செம்மண்.

ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்தில் எங்கள் முறை 10.40க்கு வந்தது. மனுவைப் பார்த்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வேலை அனுமதியானது மாவட்டம் பிரிவதற்கு முன்பாம். ஊர் இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது, கோப்பு இன்னும் சித்தூரில் இருக்கிறதாம். ஊரைப் பிரித்தவர்கள் காகிதத்தைப் பிரிக்கவில்லை. அண்ணன் பையை எடுத்துக்கொண்டார்.

11.30க்குச் சித்தூர் வண்டி. எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், எண்பத்தைந்து ரூபாய். வெயில் விழும் பக்கத்தில் இடம் கிடைத்தது. வேலூர் போகிறவர்களும் ஏறியதால் வண்டிக்குள் பாதி தமிழ், பாதி தெலுங்கு.

சித்தூரில் கோப்பு இருந்த பொறியியல் அலுவலகம் ஒரு மாடியில். அங்கிருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண், வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது என்றார். விரட்டவில்லை, நாற்காலி போட்டார். அண்ணன் மண்பையைப் பிரித்து மேசை ஓரத்தில் வைத்தபோதுகூட முகம் சுளிக்கவில்லை. கோப்பை வரவழைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஈ சந்தகம் மீதேனா?" இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்கிறார்.

தாள் முழுக்கத் தெலுங்கு. அடியில் தமிழில், எழுத்துக் கூட்டி எழுதியதுபோல், ம. முனிரத்தினம்.

அந்தப் பெண் தாளைத் தெலுங்கிலேயே படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அது பஞ்சநாமா. ஊர்க்காரர்கள் நேரில் பார்த்துச் சாட்சி சொல்லும் காகிதம். 'நிலம் கொடுத்தவனாகிய நான், அஸ்திவாரத்தில் கடும்பாறை இருந்ததையும் வெடி வைத்து அகற்றியதையும் நேரில் பார்த்தேன்.' மற்ற இரண்டு சாட்சிகள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஊர்க்காரர் இவர் ஒருவர்தான். "செலவு ஏன் ஏறிச்சுன்னு ஒரு விசாரணை நடந்திருக்கு சார். இந்தப் பேப்பரைப் பார்த்துட்டு, யார் மேலயும் தப்பில்லைன்னு முடிச்சிட்டாங்க" என்றார். பஞ்சநாமாவை எழுதிய பொறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒப்பந்தக்காரர் வேறு மாவட்டம் போய்விட்டார்.

எல்லை ஊர்களில் இது சாதாரணம். அண்ணன் தெலுங்கில் சண்டை போடுவார், பேரம் பேசுவார், ஜோக் அடிப்பார். ஆனால் படித்தது ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளியில். தெலுங்கில் ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. பேச்சு இவ்வளவு சரளமாக வருகிறவரிடம் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை.

"கரண்டு லைனுக்குன்னாங்கோ" என்றார் அண்ணன். "ஆஸ்பத்திரிக்குக் கரண்டு இஸ்துக்கினு வர, நெலம் குடுத்தவன் கையெழுத்து வோணும்னாங்கோ. கஸ்தூரி பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா. இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுக் காட்டச் சொல்லுய்யான்னா. ஆபீசருங்கள அப்பிடிக் கேட்டா கோச்சுக்குவாங்க, வேல நின்னுரும்னு நான்தான் அவள அதட்டுனேன்."

அந்த அதிகாரி கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, மனுவை இப்போதைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா, வழக்கு கிழக்கு வந்து மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றேன். அண்ணன் பேனா கேட்டார். மனுவின் அடியில் தமிழில் எழுதினார். 'அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. படிக்கத் தெரியாமல் போட்டேன். பாறை இல்லை. என்னையும் விசாரிக்கவும்.' எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அதிகாரி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முத்திரை போட்டு நகல் கொடுத்தார். விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் குறிப்பு எழுதுவதாகவும், தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றும் சொன்னார். நம்புகிறேன். மண்பையை அவர் திருப்பித் தரவில்லை. கோப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது மணி நான்கு. திருப்பதி வண்டியைத் தேடினேன். அண்ணன் வேறொரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். காணிப்பாக்கம்.

"இப்ப எதுக்குண்ணே அங்க?"

"சம்பந்தப்பட்டவங்க அல்லாம் வந்து சத்தியம் பண்ணணும்னு எழுதிக்கிறேனே. நானும் சம்பந்தப்பட்டவன்தானே."

பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி. குளத்தில் இறங்கி மூன்று முறை முழுகினார். ஈரத்தோடு வரிசையில் நின்றார். பிள்ளையார் முன்னால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, நான் இரண்டு ஆள் பின்னால் நின்றேன். உதடு அசைந்தது தெரிந்தது. கஸ்தூரி என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதார். அக்கா இறந்தபோது அழவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். நானும் அழுதேன், எழுத வெட்கமாக இல்லை. அந்த மருத்துவமனையின் கோப்பில் எத்தனையோ கையெழுத்துகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையார் முன்னால் வந்து நின்றது ஒன்றே ஒன்று.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கு அறுபது கிலோமீட்டர். காலை 6.10 வண்டியை விட்டால் மனுவுக்கு முறை கிடைப்பது கஷ்டம். மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழைய வேலை எதைப் பற்றியும் கேட்பதானால் கோப்பு திருப்பதியிலா சித்தூரிலா என்று முதலிலேயே விசாரியுங்கள், ஒருநாள் மிச்சம். கையெழுத்துப் போடும் முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்யப் போகிறவர்கள் மாற்று வேட்டி ஒன்று எடுத்துப்போவது நல்லது. அண்ணன் எடுத்துவரவில்லை. திருப்பதி வரை ஈர வேட்டியோடு படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வந்தார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, முழுக வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.