வெயில் காய்ந்த குழாய்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாயில் அச்சடித்திருக்கும் பொடி எழுத்தை வாய்விட்டு வாசிக்கிறார் பொனிபஸ். தயாரித்த தேதி, தாங்கும் சூடு, ஒக்சிசன் புகாத மேலுறை உண்டா என்பது வரை ஒன்றும் தப்பாது. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே குரல்.

மெல்பேர்ன் வீடுகளில் குளிருக்குத் தரையைச் சூடாக்க, அதற்குள் சுடுநீர்க் குழாய் பதிப்பது அவர் தொழில். மன்னார்க்காரர், அறுபது வயது. மேலுறை இல்லாத குழாயைத் தொடமாட்டார். அதன் வழியே நுழையும் ஒக்சிசன் பம்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும். தரைக்கு அடியில் குழாயோடு குழாய் சேர்க்கும் ஒரு பொருத்தும் வைக்கமாட்டார். "சுவருக்குள்ள பிழைவிட்டா உடைச்சுப் பாக்கலாம். கொங்கிறீற்றுக்குள்ள விட்டா ஆர் உடைக்கிறது?"

பதித்து முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எந்தக் குளிரிலும், வெறுங்காலால் குழாய் வழியே நடப்பார். நெளிந்த இடம் உள்ளங்காலுக்குத் தெரியுமாம். "ஊருக்கெல்லாம் நிலம் சுடப்பண்ணுறார். எங்கட வீட்டில நான் ரெண்டு சொக்ஸ் போட்டுத் திரியிறன்" என்பார் மனைவி அன்னமலர். பொனிபஸுக்கு அப்போது மட்டும் காது கேட்காது.

போன ஏப்ரலில் கிளேட்டனில் சேஷாத்ரி வீட்டு வேலை. பொனிபஸின் பக்கத்து வீட்டுக்காரன் நான், அன்று அவர் வேனில் கூடப் போயிருந்தேன். பிறக்கப்போகும் குழந்தைக்காகச் சேஷாத்ரி பின்னறை கட்டிக்கொண்டிருந்தார். குழாயை ஜனவரிக் கோடையிலேயே வாங்கி, ஈரம் நிற்கக் கூடாதென்று சுற்றிவந்த கறுப்புப் பையைப் பிரித்து, வடகம் காயப்போடுவதுபோலக் கொல்லையில் பரப்பியிருந்தார். மூன்று மாத வெயில்! பிளாஸ்டிக் குழாய்க்கு அதைவிட வேறு விஷம் வேண்டாம்.

"இது ஏலாது, தம்பி. வேற வாங்கவேணும்."

"அங்கிள், புதுசுதானே? நாளைக்குக் கான்கிரீட் லாரி வருது. விட்டா அடுத்த மாசம்தான். ஆகஸ்ட்ல டெலிவரி. ப்ளீஸ், போட்டுடுங்க."

"இண்டைக்கு ஒண்டும் தெரியாது. ஏழெட்டு வருசத்தில வெடிக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போற நேரம் நீங்கள் நிலத்தைக் கொத்திக்கொண்டிருப்பியள்."

வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சேஷாத்ரி குரலை உயர்த்தினார். பொனிபஸ் குழாய்ச் சுருளைத் தரையில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார்.

"லொறிக்காரனுக்குப் போன் எடுங்கோ. நான் எழும்பமாட்டன்."

அரை மணி நேரம். அவர் இரண்டாவது கோப்பையும் குடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்ர அயலவன் என்று நெஞ்சும் நிமிர்ந்தது. கடைசியில் சேஷாத்ரி போனை எடுத்தார்.

அறை ஒரு மாதம் பிந்தித்தான் முடிந்தது. பிள்ளை மட்டும் சொன்ன நாளில் பிறந்துவிட்டது. செப்டம்பரில் பார்க்கப் போனோம். வெளியே நல்ல குளிர். சேஷாத்ரி தாமே வந்து கதவைத் திறந்து, பின்னறைக்குக் கூட்டிப்போய், குழந்தையைப் பொனிபஸிடம் நீட்டினார்.

"பொறுங்கோ, தம்பி" என்றார் பொனிபஸ். குனிந்து சொக்ஸைக் கழற்றினார். வெறுங்காலால் இளஞ்சூடான நிலத்தில் அறையின் மறுமூலை வரை மெல்ல நடந்துபோய்த் திரும்பி வந்தார். அதன் பிறகுதான் கையை நீட்டினார்.