உச்சி மணியும் கிணற்று வெடியும்

ஊரில் எனக்குப் பெயரே மிலிட்டரிக்காரர்தான். ராணுவத்தில் நான் வெடிக்க வைத்ததெல்லாம் கடுகு மட்டும்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சமையல்காரனாகப் போனவன் நான். சீனாச் சண்டையின்போது மலைமேல் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரொட்டி சுட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் வெடிச் சத்தம் என்றால் எனக்குப் பயம். தேர்த் திருவிழாவில் வேட்டு போடத் தொடங்கினால், ஏதோ வேலை இருப்பதுபோல வீட்டுக்குள் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த நிலம் கோட்டை மலைக்குப் பின்னால், பாறைக்காடு. வெடி வைக்காமல் கிணறு இறங்காது. வெட்ட வந்த மேஸ்திரியும் ஆட்களும் பக்கத்து ஊர்க்காரர்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எங்கள் மாதா கோயிலில் உச்சி மணி அடித்தால் அவர்களுக்குக் கஞ்சி நேரம். அதனால் மணிக்குச் சற்று முன்னால் திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். கஞ்சி குடித்து முடிப்பதற்குள் புகை அடங்கிவிடும். வேதக்காரர்களான எங்களுக்கோ அந்த மணி, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் சொல்கிற திரிகால செபத்துக்கு. ஏர் ஓட்டுகிறவன்கூட நின்ற இடத்திலேயே நின்று, செபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் நகருவான். இது இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மனைவி எனக்குச் சோறு கொண்டுவருவது எப்போதும் மணி அடித்த பிறகுதான்.

அன்று முன்னாலேயே வந்துவிட்டாள்.

மேஸ்திரி திரியைப் பற்றவைத்து, ஏறி வந்து, "வெடி! வெடி!" என்று கூவினார். எல்லோரும் ஒரு குண்டுக்கல்லுக்குப் பின்னால் ஒண்டினோம். காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன், கிணற்று மேட்டில் தலையில் கூடையோடு அவள்! "அடியே, திரும்பி ஓடு!" என்று நான் கத்தவும் கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அவள் நின்றாள். கண்ணை மூடினாள். ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னா மிலிட்டரி, அந்தம்மா நகரலியே!" மேஸ்திரி அலறினார்.

பயம் என்றால் அதுதான் பயம். சீனாச் சண்டையில் நான் பட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எப்படி ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது. அவளை இழுத்து மேட்டுக்கு அந்தப்பக்கம் தள்ளி, அவள்மேல் விழுந்தேன். பூமி குலுங்கியது. கல்லும் மண்ணுமாக முதுகில் கொட்டியது. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கக்கூடத் தலையைத் தூக்கப் பயந்து கிடந்தேன். பிறகு எனக்குக் கீழே அவள் இருமினாள்.

அவ்வளவுதான், பயமெல்லாம் கோபமாகப் பொங்கிவிட்டது. "அறிவு இருக்குதா ஒனக்கு? உசுரு போற நேரத்துல இன்னா செபம்? ஒருநாள் சொல்லலன்னா மாதா கோவிச்சிக்குவாங்களா?" என்று கத்தினேன். மேஸ்திரி ஓடிவந்து என் தோளைப் பிடித்து, "வுடுங்க, பொழச்சிச்சே" என்றார்.

அவள் முகத்து மண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "செபம் எங்க சொன்னேன்? நீங்க கத்துனது கேட்டுச்சு. பயத்துல காலு வரல. கண்ண மூடி சிலுவ போட்டுக்கினேன்" என்றாள்.

சிதறிக் கிடந்த சோற்றைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள்.

"நீங்க சண்டைல இருந்த நாளெல்லாம் இப்டியேதான் நின்னுக்கினு இருந்தேன்."