தேய்த்த நண்டுக்குக் கட்டம் இல்லை

ஏலக் கொட்டகையில் அவளுக்கு ‘ஸ்கேல் அக்கா’ என்று பெயர். பதினோரு வருடமாக ஒரே வேலை: படகிலிருந்து இறங்கும் கூடைகளில் கைவிட்டு நண்டை எடுப்பது, ஓட்டின் அகலத்தை அளப்பது, ஆணா பெட்டையா, வயிற்றில் முட்டை உண்டா என்று படிவத்தில் குறிப்பது. இன்றைக்கும் தற்காலிகப் பணியாளர்தான். விரலில் நண்டு கடித்த தழும்புகள் மட்டும் நிரந்தரம். நண்டு முட்டையிடும் இரண்டு மாதமும் வலைக்குத் தடை போடுவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் மீன்வளத் துறை முடிவு செய்யும்.

அன்று காலை அவள் கவிழ்த்த கூடை, சொந்தத் தம்பியுடையது. ஏழு பெட்டைகளின் அடிவயிறு அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. வயிற்று மடலைத் தூக்கினாள். முட்டை ஒட்டியிருக்கும் மயிரெல்லாம் பிய்ந்து தொங்கியது; ஓரத்தில் தப்பிப் பிழைத்த நாலைந்து மஞ்சள் மணிகள். முட்டை நண்டை விற்கக் கூடாதென்று சட்டம். அதனால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். ஒரு நண்டுக்கு லட்சக்கணக்கில் முட்டை. அத்தனையும் சாக்கடைக்கு.

அவள் ஏழுக்கும் ‘உண்டு’ என்று குறித்தாள்.

துறை ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். “எங்கம்மா முட்டை? இல்லன்னு போடுங்க.”

“தேய்ச்சிருக்காங்க சார். தொட்டுப் பாருங்க.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “தேய்ச்சதுக்கெல்லாம் படிவத்துல கட்டம் இல்ல.”

“போன வருஷமும் இப்படித்தான் இல்ல இல்லன்னு எழுதவச்சு, முட்டை நண்டே கிடையாது, தடை எதுக்குன்னு அறிக்கை விட்டீங்க. என் கையெழுத்துல!”

பக்கத்தில் நின்ற தம்பி பல்லைக் கடித்தான். “ஊரே தேய்க்குது. உன் வீரத்தை என் கூடையிலதான் காட்டணுமாக்கா?”

“ஊரே தேய்ச்சுதான்டா நாப்பது கூடை வந்த இடத்துல இன்னிக்குப் பதினாலு. அடுத்த வருஷம் எதைத் தேய்ப்பே? பாறையையா?”

யாரோ சிரித்தார்கள். தம்பியின் முகம் செத்துவிட்டது.

ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கட்டும்.”

அவள் படிவத்தின் ஓரத்தில், கோடு கொஞ்சம் கோணலாகவே, புதிதாக ஒரு கட்டம் போட்டாள். ‘தேய்த்தது: ஏழு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

“இந்தாங்க சார், கட்டம். கோடு போட்டு அடிக்கணும்னா பக்கத்துல உங்க கையெழுத்தைப் போட்டுட்டு அடிங்க.”

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார், மூடினார், படிவத்தை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு நடந்தார். தம்பி திரும்பிப் பாராமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த கூடைக்காரர் தன் நண்டுகளை அவசர அவசரமாகக் குப்புறப் போட்டார். அவள் முதல் நண்டை மல்லாத்தினாள்.